பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

எனக்கு எழுபத்து நாலு வயது. வளர்த்தது மூன்று பேரை. மூன்றும் என் வயிற்றில் பிறந்தவை, மூன்றையும் தையல் மெஷின் மிதித்துத்தான் ஆளாக்கினேன். மாப்பிள்ளையை நான் வளர்க்கவில்லை. அது அவருடைய அம்மா பார்த்த வேலை. அதனால் இதில் வரும் எந்தக் குற்றத்துக்கும் நான் பொறுப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதை நானே எழுதுகிறேன். படித்தது மூன்றாவது வரைக்கும். அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுத வரும், ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும், எனக்கு என்ன அவசரம்? வேறு யாரையாவது எழுதச் சொன்னால், "ஐயோ, இதை விட்டுடலாம், அதைக் கொஞ்சம் பக்குவமாச் சொல்லலாம்" என்று ஆரம்பிப்பார்கள். பக்குவம் எல்லாம் நான் ஊறுகாயில்தான் பார்ப்பேன்.

மாப்பிள்ளை இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார். அவர் சொல்கிற கதை வேறு. நடந்தது இது.

லிட்டில் இந்தியாவில் ஒரு மாடியில் எனக்கு ரவிக்கைக் கடை இருக்கிறது. படி செங்குத்து. கல்யாணப் பெண்கள் மூச்சு வாங்க ஏறி வருவார்கள், ஏறி வந்த பிறகு அளவு எடுத்தால் மார் சுற்றளவு கூடிவிடும், அதனால் முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பேன். என் கடையில் தைத்த ரவிக்கையை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஏனென்றால் முதுகில் இருக்கிற பூவேலை நான் வரைந்தது. புத்தகத்தைப் பார்த்தோ போனைப் பார்த்தோ வரைந்தது கிடையாது. அன்னம், கொடி, மாங்காய், யானை வரிசை, எல்லாம் என் பென்சிலில் இருந்து வந்தவை.

முன்னால் கையால் தைத்தோம். பிறகு பூவேலை மெஷின் வாங்கினோம். தலையில் வரிசையாக நூல்கண்டு வைத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கு நிற்கும். நான் தாளில் வரைந்து கொடுப்பேன். கடையில் வேலை பார்க்கிற பெண், ஜொகூரிலிருந்து தினமும் எல்லைப் பாலம் தாண்டி வருகிறவள், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஊசி எங்கே தொடங்கணும், எந்தப் பக்கம் சாயணும், எங்கே நூல் மாத்தணும், எல்லாவற்றையும் அதற்குச் சொல்லிக் கொடுப்பாள். பிறகு அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஒரு தம்ப் டிரைவில் எடுத்து மெஷினில் செருகினால், அது கடகடவென்று தைத்துவிடும். டிசைன் எல்லாம் குடியிருந்தது அந்தக் கம்ப்யூட்டரில்தான்.

வரைந்த தாள் எங்கே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அலமாரி நிறைய இருந்தது. மாப்பிள்ளை ஒருநாள் பார்த்துவிட்டு, "எல்லாம் உள்ளே பத்திரமா இருக்கே அத்தை, இந்தப் பேப்பரெல்லாம் எதுக்கு? கரப்பான் பூச்சிக்கு வாடகைக்கு விடவா?" என்றார். மகளும் சிரித்தாள். அலமாரியைக் காலி செய்தார்கள். சரி, படித்தவர் சொல்கிறார் என்று விட்டேன்.

அதற்குப் பிறகு என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், நடுக்கம் பாதி நின்றது, பாதி நிற்கவில்லை. இப்போது நான் எழுதுகிற எழுத்தைப் பார்த்தாலே தெரியும். கோடு போட்டால் புழு நெளிகிற மாதிரி போகிறது. அன்னத்தின் கழுத்தை இனி என்னால் வளைக்க முடியாது. அதனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது போனால் போனதுதான். இது மாப்பிள்ளைக்கும் தெரியும்.

அவரைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், இங்கேயே என் மகளைக் கட்டிக்கொண்டார். ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை, கழுத்தில் அட்டை. நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் நான் "லா" போட்டுப் பேசினால் அவருக்குச் சிரிப்பு. "எங்க ஊர்ல இப்படி இல்லை அத்தை" என்று எதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பார். கறியில் தேங்காய்ப்பால் ஊற்றினால் எங்க ஊர்ல இப்படி இல்லை. கோயிலில் வரிசையில் நின்றால் எங்க ஊர்ல இப்படி இல்லை. ஒருநாள் நானும், "அப்ப உங்க ஊர்லயே இருந்திருக்கலாமே மாப்பிள்ளை, யாரு விமான டிக்கெட்டைப் பிடுங்கி வச்சா?" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து எங்களுக்குள் சரி கிடையாது. ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. அவர் என்னை அத்தை என்பார், நான் அவரை மாப்பிள்ளை, வாங்க, உட்காருங்க என்பேன். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

ஆயுத பூஜை அன்று அவருக்கு லீவு. மகளோடு கடைக்கு வந்தார். கடையில் அன்றைக்குத் தையல் கிடையாது, கழுவித் துடைக்கிற வேலைதான். மெஷின்களைத் திறந்து பஞ்சுத் தூசி எடுத்து எண்ணெய் விட்டோம். கத்தரிக்கோல், அளவு நாடா, ஊசி டப்பா எல்லாவற்றையும் துடைத்துத் தட்டில் அடுக்கினோம். தீபாவளி நெருங்கும் நேரம், கீழே தெருவில் விளக்கு அலங்காரம் போட்டு ஜனம் முட்டி மோதுகிறது. மேலே தைக்கவேண்டிய துணி மலையாகக் கிடக்கிறது. ஆனாலும் அந்த ஒருநாள் மெஷினுக்கு ஓய்வு. அதில் எனக்கு மாற்றுப் பேச்சே கிடையாது.

மாப்பிள்ளை கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "என்ன அத்தை இது, மாட்டு வண்டி மாதிரி இழுக்குது? நீங்க மெஷினை எல்லாம் சுத்தம் பண்றீங்க, இதை யாரு பண்றது? நான் பண்றேன். பழசை எல்லாம் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டா பறக்கும்."

"டிசைன் இருக்கு மாப்பிள்ளை. அந்தப் பொண்ணு பூ வாங்கப் போயிருக்கா. வந்ததும் கேட்டுட்டுச் செய்ங்க."

"டிசைன் வேற இடத்துல இருக்கு அத்தை. எனக்குத் தெரியாதா?"

தெரியாதா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? மாவிலை கட்டப் போய்விட்டேன்.

உள்ளே இரண்டு அறை மாதிரி இருக்குமாம். ஒன்றில் கம்ப்யூட்டர் ஓடுவதற்கு வேண்டியது, இன்னொன்றில் நம் சாமான். அவர் ஒரு அறையைக் காலி செய்ய நினைத்து இன்னொன்றைக் காலி செய்துவிட்டார். காலி செய்தது மட்டும் இல்லை, அதிலே புதுசாக எதையோ கொண்டுவந்து இறக்கவும் செய்தார். எங்கள் யாருக்கும் இது தெரியாது. வேலை முடிந்தது என்று அணைத்துவிட்டுத் துணியால் துடைத்தார். நான் எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து வந்தேன். கம்ப்யூட்டருக்கும் நெற்றியில் மூன்று பொட்டு வைத்து, ஒரு துண்டு மல்லிகைப்பூ சாத்தினேன்.

சூடம் ஏற்றப் போகும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு நிமிஷம் அத்தை, எவ்வளவு வேகமா வருதுன்னு பாருங்க" என்று போட்டுக் காட்டினார். வேகமாகத்தான் வந்தது. பூ வாங்கி வந்த பெண் எட்டிப் பார்த்தாள். "சார், டிசைன் எங்க?" என்று கேட்டாள்.

அவர் அங்கே தட்டினார், இங்கே தட்டினார். காது சிவந்தது. பிறகு முகமெல்லாம் வெளுத்தது. "இருக்கும், இருக்கும்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இல்லம்மா. எல்லாம் போச்சு" என்றாள். அவள் அழுதுவிட்டாள். அவள் ஏற்றிய வேலை அல்லவா அது. எனக்கு அழுகை வரவில்லை.

"அணைங்க" என்றேன்.

"அத்தை, நான் இப்பவே—"

"அணைங்க மாப்பிள்ளை. சூடம் கையில இருக்கு."

அணைத்தார். பூஜையைச் செய்தேன். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது. சுண்டலை யாரும் தொடவில்லை.

பூஜை முடிந்ததும் அவர் நாற்காலியை இழுத்தார். இன்டர்நெட்டில் ஏதோ ஒன்று இருக்கிறதாம், அதை இதில் இறக்கிப் போட்டு ஓட்டினால் அழிந்ததைத் திருப்பி எடுத்துக் கொடுக்குமாம், சீக்கிரம் முடிந்துவிடுமாம். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"நாளைக்கு" என்றேன்.

"என்ன நாளைக்கு?"

"பொட்டு வச்சாச்சு. நாளைக்கு மறுபூஜை பண்ணி எடுக்கற வரைக்கும் எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது. கத்தரிக்கோலையே தொடமாட்டோம், இதைத் தொட விடுவேனா?"

மகள் என் தோளைப் பிடித்தாள். "அம்மா, அவர் சரி பண்றேங்கறாரு. விடேன்மா."

"சரியா இருந்ததைத்தான் சரி பண்ணிப் பார்த்தோமே, போதும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மூடநம்பிக்கையா? சாமி வந்து உங்க பைலை எடுத்துக் கொடுக்குமா அத்தை?"

"சாமி எடுத்துக் கொடுக்க வேண்டாம் மாப்பிள்ளை. நீங்க தொடாம இருந்தாப் போதும்."

"நாளைக்கு ஒண்ணும் வரலைன்னா என்னைக் கேக்காதீங்க."

"உங்களை நான் இன்னைக்கே கேக்கலை, லா."

லா என்று வேண்டுமென்றே போட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொடாமல் இருந்தால் நல்லது என்று எனக்கு எந்த அறிவும் இல்லை. அறிவாளி என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. பாதி வழக்கம், பாதி ஆத்திரம். அந்தக் கை மறுபடியும் என் பொருளில் படக்கூடாது என்று இருந்தது, அவ்வளவுதான். அவர் படியில் எனக்கு முன்னால் இறங்கிப் போனதும், சாவியை எப்படியாவது மகளிடம் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார் என்று தோன்றியது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் கைவிட்டு மின்சார வயரைப் பிடுங்கினேன். சுருட்டி, வெற்றிலைப் பை பக்கத்தில், என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மார்சிலிங்கில் என் வீடு வரைக்கும் எம்ஆர்டி ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை பையிலிருந்து தலைநீட்டிய பிளக்கைப் பார்த்துக்கொண்டே வந்தது.

மறுநாள் காலையில் மறுபூஜை செய்து, பூவை எடுத்தேன். மாப்பிள்ளையும் வந்தார். முகத்தை உம் என்று வைத்துக்கொண்டு வந்தாலும் வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "கொடுங்க, தெரிஞ்ச கடையில காட்டறேன்" என்றார். "நானும் வரேன்" என்றேன். "நீங்க எதுக்கு?" என்றார். நான் செருப்பை மாட்டினேன்.

கம்ப்யூட்டர் கடைகளாகவே இருக்கிற ஒரு கட்டடம், எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரம். அதில் உள்ளே தள்ளி, கழிப்பறைப் பக்கம் ஒரு சின்னக் கடை. ஒரு சீன அம்மாள் உட்கார்ந்திருந்தாள், என்னைவிட வயது கொஞ்சம் குறைவு. ஆணியில் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி தொங்கியது. கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் இருந்த குங்குமத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இந்த வட்டாரத்தில் கடை வைத்திருக்கிறவளுக்கு அது புதிதா?

மாப்பிள்ளை இங்கிலீஷில் விளக்கினார். அவள் கேட்ட முதல் கேள்வி எனக்கே புரிந்தது. அழிந்த பிறகு இதைத் திறந்தீர்களா, வேறு எதையாவது போட்டீர்களா என்று கேட்டாள்.

மாப்பிள்ளை நிமிர்ந்து நின்றார். "நோ, நோ," என்றார். யாரையும் தொட விடவில்லை, நான்தான் பார்த்துக்கொண்டேன் என்று இங்கிலீஷில் சொன்னார்.

எனக்கு இங்கிலீஷ் பேச வராது. கேட்டால் புரியும். ஐம்பது வருஷமாக இந்த ஊரில் கடை வைத்திருக்கிறவளுக்கு அந்த அளவுக்குப் புரியாதா? "ஐ" என்றால் நான். நான் என்றால் அவராம்.

அந்த அம்மாள் தலையாட்டி, "வெரி குட்" என்றாள் அவரிடம். நான் மலாயில் பேச்சை ஆரம்பித்தேன். என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் சந்தை மலாய் வரும், அவளுக்கும் வந்தது. மாப்பிள்ளைக்கு வராது.

"இந்த ஆள்தான் அழித்தது. நேற்றே நோண்டப் பார்த்ததும் இந்த ஆள்தான். நான் வயரைப் பிடுங்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்" என்றேன்.

அவள் கோப்பி சிந்துகிற மாதிரி சிரித்தாள். "மகனா?" என்றாள்.

"மருமகன்."

"என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது" என்றாள்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அழித்தால் உள்ளே இருப்பது உடனே போய்விடாதாம். வீடு காலி என்று வெளியே பலகை மட்டும் மாட்டுகிறதாம். உள்ளே கட்டில், பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்குமாம். புது ஆள் குடிவந்தால்தான் பழைய சாமானைத் தூக்கி எறிவார்களாம். நேற்று அவர் புதுசாக இறக்கியதில் கொஞ்சம் பேர் குடிவந்துவிட்டார்கள். அதற்குமேல் எதையும் ஏற்றியிருந்தால் இன்னும் நிறையப் போயிருக்கும் என்றாள். அவர் இறக்கிப் போட இருந்தாரே, எடுத்துக் கொடுக்கிற மருந்து, அதுவே வந்து என் அன்னத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்.

"என்ன பேசிக்கிறீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"சாப்பிட்டாச்சான்னு கேட்டாங்க மாப்பிள்ளை."

கம்ப்யூட்டரை அவளிடமே விட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்கத் தம்ப் டிரைவில் இருந்ததை வைத்து ஓட்டினோம். கல்யாண ரவிக்கைகளுக்கு நாள் சொல்லித் தள்ளிவைத்தேன். வந்தவர்களிடம் காரணம் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மானம் எங்கள் வீட்டோடு இருக்கட்டும் என்று நான் பார்த்தேன். அதை அவர் பார்த்தாரா?

வந்தது. டிசைன் முழுக்க இல்லை, பெரும்பாலும் வந்தது. ஆனால் எதற்கும் பேர் இல்லை. அந்தப் பெண் வைத்திருந்த பேரெல்லாம் போய், எல்லாம் வெறும் நம்பராக வந்தது. மாப்பிள்ளை, "இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று தலையில் கைவைத்தார். பேர் போனால் எனக்கு என்ன? நான் என்றைக்குப் பேரைப் படித்தேன்? அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள், இது கைக்கு, இது முதுகுக்கு, இது சின்னப் பிள்ளை பாவாடைக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் பேர் போட்டாள். தீபாவளி ரவிக்கைகள் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

சில டிசைன் உடைந்து வந்தன. அதில் ஒன்று இரட்டை அன்னம். என் மகள் கல்யாண ரவிக்கைக்கு நான் வரைந்தது. திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துணியில் ஓட்டிப் பார்த்தோம். மெஷின் இரண்டு உடம்பையும் சிறகையும் அழகாகத் தைத்தது, கழுத்துக்கு வந்தது, நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினோம். மறுபடியும் கழுத்தில் நின்றது.

மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். தப்புப் பண்ணிட்டேன் அத்தை என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர், "அதான் கிட்டத்தட்ட எல்லாம் வந்துடுச்சே அத்தை, ஒண்ணு ரெண்டு போனா என்ன?" என்றார்.

"அந்த ரவிக்கையைப் பார்த்துத் திரும்ப வரைஞ்சுக்கலாம்மா" என்றாள் மகள். வரைய முடியாது, அது உண்மை. முடிந்தாலும் வரையமாட்டேன், அதுவும் உண்மை. தலையில்லாத அந்த அன்னத் துணியை வெட்டி, கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஊசி குத்தி மாட்டினேன். மாப்பிள்ளை கடைக்கு வந்தால் உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே. மகள் இரண்டு தடவை கழற்றினாள். இரண்டு தடவையும் மாட்டினேன்.

இதோடு நான் விட்டிருப்பேன். போன மாதம் செங்காங்கில் என் தம்பி மகன் புதுவீடு குடிபோனான். சொந்தமெல்லாம் கூடியிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை நடுக்கூடத்தில் நின்று கதை சொல்கிறார். "அத்தை கடையில டிசைன் மொத்தமும் போயிடுச்சு. எப்படிப் போச்சுன்னே தெரியலை. பழைய கம்ப்யூட்டர்தானே. நான்தான் உடனே ஆஃப் பண்ணுங்க, யாரும் தொடாதீங்கன்னு சொன்னேன். அத்தைக்கு இதெல்லாம் புரியுமா? பயந்துட்டாங்க பாவம். நான்தான் கொண்டுபோய் எடுத்துக் கொடுத்தேன்."

"மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார் ஒரு பெரியவர். "கொடுத்து வச்சவங்க நீங்க" என்றாள் தம்பி மனைவி என்னிடம், வடைத் தட்டை நீட்டிக்கொண்டே.

என் வாய் வரைக்கும் வந்தது. மகள் கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம்மா என்று அவள் கண் சொன்னது. நான் வடையை எடுத்துக் கடித்தேன். என் கடையில் நானே வரைந்ததை, அவரே அழித்ததை, நானே காத்து வைத்ததை, அவர் காப்பாற்றிக் கொடுத்ததாக ஐம்பது பேர் கேட்டுவிட்டுப் போனார்கள். என் பேரில் இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? வீடு அரசாங்கத்துடையது, கடை வாடகை. அந்த அன்னமும் கொடியும்தான் என்னுடையது.

மறுநாள் தேக்கா சந்தைப் பக்கம் போய் ஒரு நோட்டு வாங்கினேன். அன்றிலிருந்து எழுதுகிறேன்.

இந்தக் கடைசிப் பக்கத்தை ஆங் மோ கியோவில் மகள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை. தம்பி குடும்பமும் வந்திருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டுக்கு. மாப்பிள்ளை சோபாவில் காலை நீட்டிப் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன அத்தை கணக்கு எழுதறீங்களா என்று கேட்டார். ஆமாம் மாப்பிள்ளை என்றேன்.

என் எழுத்தை என்னாலேயே வேகமாகப் படிக்க முடியாது. பேத்தி உயர்நிலைப் பள்ளியில் தமிழ் படிக்கிறாள், நன்றாக வாசிப்பாள் என்று டீச்சர் சொன்னாளாம். இதோ கூப்பிட்டுவிட்டேன், அறையிலிருந்து வருகிறாள்.

வாடி கண்ணு. எழுத்து கோணலா இருந்தா நின்னு எழுத்துக் கூட்டிப் படி, ஒண்ணும் அவசரம் இல்லை. ஒரு வரியும் விடாதே. இங்க என் பக்கத்துல வேண்டாம், அங்க போய் நடுக்கூடத்துல நில்லு. உங்க அப்பாவுக்குக் கேக்கற மாதிரி வாசி.